மறைந்துபோன கறுப்புக் கோடு குறித்து மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆய்வுக்கூடமும் நலம்; என் மானத்துக்குத்தான் கொஞ்ச நாளாகச் சுகமில்லை. போனில் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன்.

போன வாரம் உங்களுக்கு ஒரு படம் அனுப்பி, "புற்றுநோயை மடக்கிட்டேன் மாமா" என்று கத்தினேனே, அது என்னவென்றால், புற்றுநோய்ச் செல்லுக்குள் 'வளரு, வளரு' என்று ஒரு புரதம் அடுத்த புரதத்திடம் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும், நம் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு பரவுவதுபோல. அதை எங்கள் மருந்து நிறுத்துகிறதா என்று பார்க்க, செல்களை உடைத்துச் சாறெடுத்து, கூழ்போன்ற பலகையில் வரிசையாக இருக்கும் குழிகளில் விட்டு, மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிப்போம். சேதி ஓடினால் கறுப்புக் கோடு விழும். மருந்து போட்ட செல்லின் இடத்தில் கோடே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியையிடம் காட்டும் முன்பே உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் "அப்ப நான் எதுக்கு என் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கணும், உன் மருந்தே வரட்டுமே"ன்னு சிரிச்சீங்க, நானும் பெரிய மேதாவி மாதிரி "அதுவும் சரிதான் மாமா"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

மறுநாள் பேராசிரியை படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எல்லாச் செல்லுலயும் எப்பவும் இருக்கிற புரதம் ஒண்ணு உண்டே, அதோட கோடு எங்கம்மா?"

"அதுவும் இல்ல மேடம்."

"மருந்து போட்டாலும் அது இருக்கணுமே. நீ அந்தக் குழியில சாறு விட்டியா?"

விட்டதாகத்தான் நினைவு. குளிர்பெட்டியைத் திறந்தால், மருந்து போட்ட செல்லின் சாறு மூடிகூடத் திறக்கப்படாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நான் நோயை ஒழிக்கவில்லை மாமா, ஊற்ற மறந்திருக்கிறேன். ஒன்றும் ஊற்றாத குழியில் உலகத்தின் எந்த நோயும் தெரியாது.

அன்றிலிருந்து கூடத்தில் எனக்குப் பெயர் 'வெறுங்குழி'. அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் ஊசியை நிறுத்திவிட்டீர்களோ என்ற நினைப்பு வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சாறை ஒழுங்கா ஊத்தி மறுபடி செஞ்சோம் மாமா, கோடு லேசா மங்கியிருக்கு, அவ்வளவுதான். இது மருந்துக்கடைக்கு வர்றதுக்குள்ள எனக்கே நரைச்சிடும். டாக்டர் சொன்னபடி நாளைக்கே போய் ஊசி போட்டுக்கோங்க. என்னைத் திட்டணும்னா போட்டுக்கிட்டு வந்து தெம்பாத் திட்டுங்க.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் நூறாண்டு இருந்து என் பிழைகளையெல்லாம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் தங்கை மகள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அத்தை போன் செய்தார். "நீ படம் அனுப்பின அன்னிக்கே கிளம்பிப் போய் ஊசி போட்டுக்கிட்டாரே. 'அவகிட்ட சொல்லிடாதே, பாவம், புள்ள சந்தோஷமா இருக்கா'ன்னு வேற என் வாயை அடைச்சிட்டாரு" என்றார். ஆகவே மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். என்னை நம்புவதுபோல் இன்னும் கொஞ்ச நாள் நடித்துக்கொண்டிருங்கள். எனக்கு அது தேவைப்படுகிறது.