பத்து நிமிடச் சைவச் சுற்றறிக்கை

சான்றிதழ் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வரிசையில் நிற்கும் வேலை. நான் பிறந்தது உண்மைதான் என்று ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே அங்கே நடந்ததையெல்லாம் கண்ணாலேயே பார்த்தேன். மிச்சத்தைக் கவுண்டரில் கேட்டேன்.

மூன்றாம் கவுண்டரில் முத்திரை குத்துபவரை எல்லோரும் முத்திரையார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இரவு டூட்டி; சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் ஐந்து மணிக்கு முடிகிற அலுவலகத்திலிருந்து முத்திரையார் நாலரைக்கே அனுமதி வாங்கிக்கொண்டு ஓடுவார். ஓடிப்போய் ஒரு காய், ஒரு சாதம் பண்ணி, மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நாள் முழுக்க இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்வது அந்த ஒரு சாப்பாட்டில்தான். காலையில் இவர் பஸ் ஏறும்போது அந்த அம்மா எதிர்ப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருவார்.

அந்தச் சமயத்தில்தான் பத்து நிமிடச் சைவம் என்றொரு நாகரிகம் கிளம்பியது. கைபேசியைத் திறந்தால் ஒரு கை வரும். முகம் வராது, கை மட்டும். அது சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாணலியில் கவிழ்க்கும், ஒரு கிளறு கிளறும், மல்லித்தழை தூவும், முடிந்தது. அந்தக் கிண்ணங்களை நிரப்பியது யார், பிறகு கழுவியது யார் என்று கை சொல்லாது.

அலுவலகத்து அதிகாரியும் அந்தக் கையைப் பார்த்தார். வேறு யாராவதாக இருந்தால் பார்த்துவிட்டுப் படுத்திருப்பார்கள். இவர் சுற்றறிக்கை எழுதினார்.

“சைவ உணவு பத்து நிமிடங்களில் தயாராவது ஐயத்திற்கிடமின்றிப் புலனாகியுள்ளபடியால், அதன் பொருட்டு வழங்கப்பட்டுவரும் அரைமணி முன்செல் அனுமதியில் இருபது நிமிடங்கள் உபரி எனக் கண்டறியப்பட்டு, அரசுக்கே மீட்கப்படுகின்றன. எஞ்சிய பத்து நிமிடங்கள் மிகச் சொற்பமாகையால் அவையும் ரத்து செய்யப்படுகின்றன.”

முத்திரையார் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் வரிசை முழுக்கக் கேட்டது.

“சார், எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது சார்.”

“எதுக்குய்யா?”

“கழுவணும், தோல் சீவணும், நறுக்கணும்...”

“அப்பல்லாம் அடுப்பு எரியுதா?”

“இல்ல சார்.”

“அடுப்பே எரியாம என்னய்யா சமையல்?”

“கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊறணுமே சார்?”

“அது ஊறும்போது நீ என்ன பண்ணுவ?”

“தூங்குவேன் சார்.”

“நீ தூங்குறதுக்கும் நான் பர்மிஷன் குடுக்கணுமா?”

முத்திரையார் கொஞ்சம் யோசித்தார். “சார், நீங்க சொன்னதை அப்படியே எழுத்துல குடுத்துடுங்க.”

அதிகாரிக்கு எழுத்தில் கொடுப்பதென்றால் ஒரே சந்தோஷம். “சமையல் எனப்படுவது அடுப்பு பற்றவைப்பது முதல் அணைப்பது வரை. ஏனைய செயல்கள் எவையும் சமையல் ஆகா.” கையெழுத்து, தேதி, முத்திரை. முத்திரையை முத்திரையாரே குத்திக்கொண்டார்.

மறுநாள் மூன்றாம் கவுண்டரில் ஒரு பலகை, ஒரு கத்தி, அரைக் கிலோ பீன்ஸ்.

“என்னய்யா இது! ஆபீஸ்ல சமையலா? அங்க போர்டு மாட்டியிருக்கு, தெரியல?” என்று பாய்ந்து வந்தார் அதிகாரி. சுவரில் ‘இங்கே சமைக்கக் கூடாது’ என்று எழுதித் தொங்கியது.

“சமைக்கல சார். அடுப்பு எரியல பாருங்க.”

அதிகாரி குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். எரியவில்லை. தன் கையெழுத்தைத் தானே மீற முடியுமா? திரும்பிப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் எல்லாக் கவுண்டரிலும் பலகை வந்துவிட்டது. ஒன்றாம் கவுண்டரில் வெங்காயம், இரண்டில் கோஸ், ஐந்தில் பூண்டு மட்டும். வெளியே வந்த அதிகாரி ஜனங்களைப் பார்த்துத் திகைத்தார்.

“ஏன் எல்லாரும் அழறாங்க?”

“எப்பவும் அழறவங்கதான் சார். இன்னிக்கு வெங்காயத்தால அழறாங்க” என்றார் காவலாளி.

ஒரு இறப்புச் சான்றிதழில் கேரட் சீவல் ஒட்டிக்கொண்டது. ‘இறந்தவர் தரப்பில் ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று குறிப்பெழுதி அப்படியே கொடுத்தார்கள். பிறகு, சும்மா நிற்கிறவர்களின் கைகள் உபரியாக இருப்பது கண்டறியப்பட்டது. டோக்கனோடு ஆளுக்கு ஒரு பிடி பட்டாணி உரிக்கக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற தையல்காரர், “பரவாயில்ல, மூணு மாசத்துல இன்னிக்குத்தான் இங்க ஒரு வேலை முடிஞ்சுது” என்று தொலியைத் தட்டிவிட்டார். கடைசியில் அதிகாரி வீட்டிலிருந்தே ஒரு பை புடலங்காய் வந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு நறுக்கினார்.

இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். முத்திரையார் நன்றாக இருந்தார். ஐந்தரைக்கு வீடு, பத்து நிமிடத்தில் சாப்பாடு. “ஏங்க, இப்பல்லாம் மூச்சு வாங்காம பேசறீங்களே” என்று மனைவி கேட்டாராம். முக்கால் மணி நேரம் பேசினார்களாம். பேச விஷயம் தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிக்கூடப் பேசினார்களாம். இதையெல்லாம் கவுண்டரில் சொல்லும்போது அவர் முகம் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று.

அதிகாரி சும்மா இருப்பாரா? தமது கொள்கை வென்றது, ஊழியர் அனைவரும் பத்தே நிமிடத்தில் சமைக்கின்றனர் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் பூரித்துப்போய்ப் பதில் அனுப்பியது.

“நறுக்குதல் அலுவலகத்திலேயே செவ்வனே நிறைவுறுவதால், எஞ்சியுள்ள பத்து நிமிடங்களுக்காக ஊழியர் வீடு செல்வது தேவையற்றதாகிறது. அடுப்பு ஒன்று அனுப்பப்படுகிறது. அலுவலக நேரம் மாலை ஏழு மணி வரை.”

அடுப்பு வந்தது. ஒரு கால் ஆடியதால், சுவரிலிருந்த போர்டைக் கழற்றி அதற்கு முட்டுக்கொடுத்தார்கள்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் அம்மா வந்தார். வெள்ளை உடுப்பு, தோளில் பை. நேரே மூன்றாம் கவுண்டருக்குப் போனார்.

“டோக்கன்?” என்றார் காவலாளி.

“அவர் என் வீட்டுக்காரருங்க.”

“வீட்டுல வீட்டுக்காரர்மா. இங்க அவர் கவுண்டர் மூணு.”

அந்த அம்மா டோக்கன் வாங்கினார். பட்டாணியும் கொடுத்தார்கள், உரித்தார். ஆறு இருபதுக்கு எண் வந்தது. முத்திரையார் கவுண்டருக்கடியிலிருந்து தட்டை எடுத்து வைத்தார். ஆவி பறந்தது. ஒரு தட்டு, இரண்டு ஸ்பூன்.

“உப்பு சரியா இருக்கா பாரு.”

“நீங்க முதல்ல சாப்பிடுங்க.”

“நீ போகணுமில்ல, சாப்பிடு. நேத்து தூங்குனியா?”

“எங்கங்க... நம்ம பக்கத்து வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா?”

இப்படியே போனால் எப்படி? அடுத்த எண் என்னுடையது. என் கையில் உரித்த பட்டாணி வியர்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன்.

“ஏம்மா, இதையெல்லாம் வீட்டுல வச்சுக்கக் கூடாதா?”

நல்ல கேள்வி என்று வரிசை முழுக்கத் தலையாட்டியது.