தொடக்கூடாத காது

மழை வரும் என்று தெரிந்தும் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கொளுத்தும் வெயிலில்கூட குடையும் கையுமாக வந்து, நனைந்தவனைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்று உண்டு. அவர் குடைக் கடைக்கே போவார். கம்பி துருப்பிடிக்குமா, துணி சாயம் போகுமா, பிடி வழுக்குமா, போன வருஷம் வாங்கினவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு, மழைக்காலம் முடிகிறவரை குடை வாங்காமலே வீடு திரும்புவார். தீர விசாரிப்பவர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கைக்குட்டையைப் பாருங்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் ஆராய்ந்து, உதட்டைப் பிதுக்கி, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி விளிம்பைச் சுற்றித் துடைப்பார். அதே கைக்குட்டையால்தான் சற்று முன்னால் கழுத்து வேர்வையைத் துடைத்தார். கேட்டால், “நம்ம வேர்வை நமக்குத் தெரியும். இவங்க தண்ணி நமக்குத் தெரியுமா?” என்பார். எங்கே, பதில் சொல்லிப் பாருங்கள்!

என் எதிர்வீட்டில் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று குடியிருக்கிறது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது வேறு கம்பெனி. ஆகவே ஐந்து மாடியும் படியேறித்தான் வருவார். வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, லிஃப்டில் சௌகரியமாக வந்து இறங்குகிற எங்களை அனுதாபத்தோடு பார்ப்பார்.

அவருக்கு ஒரே பெண். பன்னிரண்டு வயது. வெளிநாட்டிலிருக்கும் அத்தை எப்போதோ ஒரு ஜோடி நீலக்கல் தோடு அனுப்பியிருந்தார். பஞ்சு வைத்த சின்ன டப்பாவுக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. குளித்துத் தலை துவட்டியதும் அந்தப் பெண் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோட்டைக் குத்தாத காதுமேல் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பஞ்சுக்குள் படுக்கவைப்பாள். வகுப்பில் எல்லோருக்கும் காது குத்தியாயிற்று. இவள் கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதில் சொன்னார்: “குத்திடலாம்மா. நல்லா விசாரிச்சுட்டுக் குத்திடலாம். காது எங்கேயும் ஓடிப் போயிடாது.”

அந்த விசாரணை இப்படியே சில வருஷம் நடந்தது. “இவர் விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள இவளுக்கே பேத்தி பொறந்துடும்” என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். இந்தச் சமயத்தில்தான் அத்தையே அடுத்த விடுமுறைக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. பெண் முதல்முறையாக அழுதாள். அத்தை வந்து இறங்கும்போது அந்த நீலக்கல் காதில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தீர விசாரிப்பவர் களத்தில் இறங்கினார்.

பேருந்தில் முன்சீட்டுப் பெண்மணியின் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கே குத்தினீர்கள், சீழ் வைத்ததா என்று கேட்டார். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார். வங்கியில் காசாளரைக் கேட்டார். பல் டாக்டரிடம் போனவர், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சைகையால் கேட்டார். அப்புறம் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் சாட்சி வேண்டுமாம்.

முதலில் ஒரு நகைக்கடை. அங்கே துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் வைத்துக்கொண்டு காது குத்துகிறார்கள். டப் என்று ஒரு சத்தம், தோடு உள்ளே. இவர் அந்தத் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதன் உடம்பு பிளாஸ்டிக், கொதிக்கவைத்தால் உருகிப்போகும், அப்படியென்றால் ஒரு காதுக்கும் அடுத்த காதுக்கும் நடுவே இதை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. விற்பனையாளர் திணறிப்போய், இன்றுவரை ஒருவர்கூட வந்து குறை சொன்னதில்லை என்றார்.

“செத்துப்போனவன் எப்படிங்க வந்து குறை சொல்லுவான்?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது ஓர் அழகு நிலையம். அந்த அம்மாள் ஊசியை எடுத்து, அதன்மேல் வாத்சல்யத்தோடு ‘ப்பூ’ என்று ஊதினார். இவர் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அதுவும் நியாயம்தான். இங்கேதான் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். இந்த இனத்தை முட்டாள் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை. அதனால்தான் இவர்களை ஒன்றும் செய்ய முடிவதில்லை. மூன்றாவதாக ஒரு டாக்டரின் அறை. எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் வெளியே, நோயாளிகள் உட்காரும் இடத்துச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. பல்லியா காது குத்தப்போகிறது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சாட்சியை மாற்றும் யோசனை தெரிந்தது.

இப்படி ஊரையே சல்லடை போட்டுச் சலித்துக் கடைசியில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். பொய் சொல்லக் கூடாது, அருமையான இடம். கண்ணாடிக் கதவு, வெள்ளைத் தரை, நீராவியில் கிருமி கொல்லும் இயந்திரம், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக உறைபோட்டு ஒட்டிய புது ஊசி. காது குத்துகிற பெண் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். இவர் விடுவாரா? கையுறையோடு மேஜை டிராயரைத் தொட்டாயே என்றார். அவள் முகம் சுளிக்காமல் புதுக் கையுறை மாட்டினாள். ஊசியின் உறை சரியாக ஒட்டியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார். காட்டினாள். விரலால் அழுத்திப் பார்த்தார், உறை பிரிந்துவிட்டது. அவள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதையும் அழுத்திப் பார்த்தார். மூன்றாவது ஊசியை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாகக் காது குத்தியாயிற்று. பெண் கண்ணை இறுக மூடியிருந்தாள். திறந்து கண்ணாடியில் பார்த்தபோது அந்த முகம் மலர்ந்ததே, அதற்காகவே எத்தனை பல்லிகளை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. காது ஆறும்வரை இந்த மொட்டுத் தோடே இருக்கட்டும், உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், அத்தை வருவதற்குள் நீலக்கல் போட்டுக்கொள்ளலாம் என்றாள் காது குத்தியவள். பிறகு அப்பாவைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: “சார், ஒரே ஒரு விஷயம். யாரும் கையால தொடக் கூடாது. திருகக் கூடாது.”

இவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது. பால்காரரிடம் சொன்னார். மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார். அலுவலக நண்பர்கள் வந்தபோது பெண்ணைப் பாடப் புத்தகத்திலிருந்து எழுப்பிக் கூப்பிட்டு, தலைமுடியை ஒதுக்கி, காதுமடலை இரண்டு விரலால் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி விளக்கினார்.

“பார்த்தீங்களா, இந்த இடம். இதைத்தான் தொடவே கூடாது. இங்க, இதோ, இங்கதான் கிருமி போகும்.”

ஒவ்வொரு “இங்க”வுக்கும் ஒரு அழுத்து. ஒட்டியிருக்கிறதா என்று ஒரு திருகு. கடைசியில், விருந்தாளிகளுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று, கைக்குட்டையால் ஒரு துடைப்பு. அந்தக் கைக்குட்டைதான். நம்முடைய வேர்வை நமக்குத் தெரியுமே!

“அப்பா, கையை எடுங்க” என்று அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். சாப்பிடும்போதும் கேட்டது, எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டது. நானும் ஒருமுறை சொன்னேன். அப்பன் கைக்கும் அடுத்தவன் கைக்கும் வித்தியாசம் இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

காது சிவந்தது. பிறகு வீங்கியது. பிறகு தலையணையில் ஒட்டிக்கொண்டது. பல்லி இருந்த அதே டாக்டரிடம்தான் அழைத்துக்கொண்டு ஓடினோம். இந்த முறை பல்லியை யாரும் கவனிக்கவில்லை. காதை யாராவது தொட்டார்களா என்று டாக்டர் கேட்டார்.

“ஒருத்தரையும் தொட விடல டாக்டர். கூடவே இருந்து நானே பார்த்துக்கிட்டேன். இதோ, இந்த எடம்...” என்று அப்பா கையை நீட்டினார்.

பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். டாக்டர் அந்த நீட்டிய கையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு, “நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க” என்றார்.

தோட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. துளை தூர்ந்துபோயிற்று. அத்தை வந்து இறங்கிய அன்று பெண் இரண்டு காதையும் முடியால் மூடிக்கொண்டு நின்றாள். நீலக்கல் எங்கே என்று அத்தை கேட்டார். அவள் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அப்பா அவளுக்கும் சேர்த்துப் பேசினார். இந்த ஊரில் ஓர் இடத்தையும் நம்புவதற்கில்லை, பார்ப்பதற்குத்தான் வெள்ளைத் தரை, உள்ளே எல்லாம் அழுக்கு, நான் அப்போதே சந்தேகப்பட்டேன் என்று ஒரு பிரசங்கமே செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை எங்கள் லிஃப்டில் ஏற்றிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

பேச்சின் நடுவே, தழும்பைத் தன் அக்காவுக்குக் காட்டுவதற்காகப் பெண்ணின் முடியை ஒதுக்கப் போனார். அவள் சட்டென்று எழுந்து அத்தைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் அத்தையோட போய்க் குத்திக்கறேன்ப்பா. அதே இடத்துல. நீங்க வர வேண்டாம்.”

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது அந்தக் கண்ணாடிக் கதவு இடம் வேண்டாமென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, வேறோர் இடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பேருந்தில் உங்கள் காதை யாராவது உற்றுப் பார்த்தால் பயப்படாதீர்கள், அவர்தான்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவது தெரிகிறது. இருக்கலாம். ஆனால் ஒரு சின்ன விஷயம். காது, சீழ், வீக்கம் என்று நான் சொல்லச் சொல்ல உங்கள் விரல் இரண்டும் மெல்ல மேலே போய், காதுமடலைப் பிடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறதே?

கையை எடுங்கள்.