பின்னறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், மச்சான்

சேக்காடு, ஆவடி
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அருள்தாஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை லூர்தம்மாளைக் கட்டிய யூஜின் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் மாதா புண்ணியத்தில் சுகம், எனக்குக் கால் மட்டும் வீங்கியிருக்கிறது. திருவேற்காட்டில் நீங்களும் அக்காவும் பேரன் பிராங்கும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீங்கள் கேட்கலாம். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது அல்லவா, அதனால்தான்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கப்பல் பயணம் முடிந்த கையோடு லூர்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிரந்தரமாக உங்கள் வீட்டுக்கு வந்துவிடப் போகிறாள், அதற்காகப் பின்னறையை நீங்கள் ஒழித்து வைத்திருக்கிறீர்கள், பெயிண்ட் கலர்கூட அவளே சொல்லிவிட்டாள் என்பதெல்லாம் எங்கள் மகள் ஸ்வீட்லின் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆம்பளை அழக்கூடாது என்பார்கள். நான் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் போய் அழுதேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வரதன் சார் தண்ணி டேங்க் பார்க்க மாடிக்கு வந்து, சோப்பு கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்.

இத்தனைக்கும் நான் என்ன செய்துவிட்டேன்? பிராங்குக்குக் கோவிலில் புதுநன்மை கொடுத்த அன்றைய விருந்தில் பந்தி நடக்கும்போது லூர்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் அப்பா, நான் பார்க்கக் கொடுத்துவைக்காத என் மாமனார், துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தடவை கப்பலேறி திருகோணமலைக்குப் போனாராம், அங்கே பட்டாபிராமில் மாடு நிற்கிற மாதிரி நடுரோட்டில் மான் நின்றதாம். நான் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "கதை வுடாத லூர்து" என்றேன். அவ்வளவுதான். பந்தி முழுக்கச் சிரித்தது, பரிமாறுகிறவர்களும் சிரித்தார்கள். அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். நீங்கள் பெரியவர், ஆமாம் அப்பா போனார் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீங்களோ தயிர்ப் பச்சடியில் வெங்காயம் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் குறையாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. சண்டை போட்டாலாவது பரவாயில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கூடத்தில் இருக்கிற திரு இருதய ஆண்டவர் படத்திடம் சொல்வாள். "ஆண்டவரே, கேஸ் தீந்து போச்சு." "ஆண்டவரே, ஈபி பில்லு இன்னிக்கு கடைசி." நான் போய்க் கட்டிவிட்டு வருவேன். ஒருநாள் நானும் ஆண்டவரே, மன்னிச்சுக்கச் சொல்லுங்க என்று வாயைத் திறந்தேன். உடனே மிக்ஸியைப் போட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு பேர், மூன்றாவது ஆளாக ஆண்டவர், பேச்சு வார்த்தை மட்டும் இல்லை. பிளாட் எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும், அது திடீரென்று மைதானம் மாதிரி ஆகிவிட்டது மச்சான்.

ஸ்வீட்லின் பொறுக்கமாட்டாமல்தான் இந்தக் கப்பல் டிக்கெட்டை எடுத்தாள். வேண்டுமென்றே திருகோணமலை போகிற கப்பல். நீங்களே நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், என்னை நடுவில் இழுக்காதீர்கள் என்று சொல்லி ஆளுக்கொரு புது ஷூவும் வாங்கிக் கொடுத்து சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போனாள். கப்பல் அறையில் ஆண்டவர் படம் கிடையாது. லூர்து சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆணியில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்து, குளிருது, ஏசியைக் குறைக்கச் சொல்லு என்றாள். குறைத்தேன்.

காலையில் கண் விழித்துப் பார்த்தால் கப்பல் நின்றிருந்தது. ஜன்னலில் கடலைக் காணோம், மலைதான் தெரிந்தது. சுற்றிலும் பச்சை மலை, நடுவே ஆடாமல் அசையாமல் தண்ணீர். இறங்கினதும் மற்ற எல்லாரும் டூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கொடி பிடித்த பையன் எங்களையும் கூப்பிட்டான். லூர்து காதில் வாங்காமல் கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள். வெயில் ஏறுது, வழி தெரியாது, மொழி தெரியாது என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். முதலில் வந்த ஆளை நிறுத்தி, பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் சர்ச் எங்கே என்று கேட்டேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, "நேராப் போய்ச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கோ" என்று என்னைவிட நல்ல தமிழில் சொன்னார். லூர்து தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ, முதுகு மட்டும் குலுங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை மச்சான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாழ்நாள் பூராவும் சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று இருந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் நடை என்றால் பால் பாக்கெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும்தான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தது அன்றைக்குத்தான். வேப்பமரமும் தென்னையுமாக ஒரு தெரு, அதில் பழைய ஓட்டு வீடுகள், யாரோ வாசலில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், எங்கேயோ ரேடியோ, தெரு முடிந்தால் கடல். இன்னொரு தெருவில் திரும்பினால் அதுவும் போய்க் கடலில் முடிகிறது. காற்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. மாதா கோவிலில் முட்டி போட்டோம், அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். வெளியே வந்ததும் மறுபடி நடை. அவள் முன்னால், நான் நாலடி பின்னால். அவள் முந்தானை பறந்து பறந்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டே போனேன். இவளை இப்படி நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தேன். வீட்டில் எப்போதும் எதிரெதிரே இருக்கிறோம், பார்ப்பதே கிடையாது. கோபமாக முன்னால் போகிறாளே, அந்த நடைகூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு மான் நின்றது.

புள்ளி மான். கொம்பு வைத்தது. வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. ஐயையோ, ஏதோ மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பித்துவிட்டது, குழந்தை குட்டியை முட்டிவிடப் போகிறதே என்று நான் பதறிப் போய், போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் ஓடி, சார் மான், சார் மான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது அங்கேதான் இருக்கும் என்று சொல்லி ஒரு லாரிக்குக் கை காட்டினார். திரும்பிப் பார்த்தால் அங்கிருந்த பழைய கோட்டை வாசல் பக்கம் இன்னும் நாலைந்து மான், ஒன்று ஆட்டோ நிழலில் படுத்திருந்தது. நான் அவற்றை எண்ணிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கொம்புக்காரன் வந்து, என் கையிலிருந்த மேப்பை இழுத்துத் தின்றுவிட்டான். கப்பல்காரர்கள் கொடுத்த ஒரே மேப்.

லூர்து திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தியா, நான் சொன்னேன்ல என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மானைத் தடவிக் கொடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நடந்தாள். தப்புதான் என்று நடுரோட்டில், அதுவும் மான் எதிரில் எப்படிச் சொல்வது?

கடற்கரை ஓரம் ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. கடைக்கார அம்மா நல்ல முகம், நம் வயதுதான் இருக்கும். "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார். தேத்தாங்கொட்டை போட்டு ஊறவைத்த மருந்துத் தண்ணி போலிருக்கிறது, புது ஊரில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, எனக்கு வேண்டாம், டீ இருந்தால் கொடுங்க என்றேன். அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீ கொடுத்தார். லூர்து தேத்தண்ணி கேட்டாள். அவளுக்கும் டீதான் வந்தது. சரி, தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெஞ்சில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அலை வந்து வந்து போனது. யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, தூங்கத்தான் மனமில்லை. கப்பலுக்குத் திரும்பினால், ஊருக்குப் போனால், இவள் பெட்டியைத் தூக்கிவிடுவாள். இந்த டீ ஆறாமலே இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். கடைக்கார அம்மா எங்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஐயா, உங்கட மனிசி கதைக்க மாட்டாவோ?"

எனக்கு வந்ததே கோபம். முன்பின் தெரியாத ஒரு பொம்பளை, என் பெண்டாட்டியைப் பார்த்து, இவள் கதை விடுகிறவளா என்று என்னிடமே கேட்கிறாள். எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா பேசற நீ? எங்க லூர்து கதை வுடற பொம்பள கிடையாது. அவ ஒண்ணு சொன்னா அது நெசம். மான் ரோட்டுல நிக்கும்னு சொன்னா, நிக்கும். அவுங்க அப்பா கப்பல்ல வந்தாருன்னு சொன்னா, வந்தாரு. நான்தான் மடையன், நாலு பேரு எதுர்ல அவளை அப்புடி கேட்டுட்டேன். நீ கேக்காத."

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கார அம்மா வாயைப் பிளந்தபடி நின்றார். லூர்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நேராக என் மூஞ்சியை, ஆண்டவர் படத்தை இல்லை. பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"லேஸு அவுந்து கீதுய்யா," என்றாள். "கட்டிக்கோ, உழுந்து கிழுந்து தொலைக்கப் போற."

அவசர அவசரமாகக் குனிந்து கட்டினேன், எனக்கு முடிச்சு வரவில்லை. அவள்தான் கட்டிவிட்டாள். இறுக்கிக் கட்டிவிட்டாள், கால் வீக்கம் அதனால்தான். பிறகு கடற்கரையோடு நடந்தோம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம் மச்சான். அவள் பேசிக்கொண்டே வந்தாள். எதிர்வீட்டு வரதன் சார், மிக்ஸி ஜார், ஸ்வீட்லினுக்கு வந்திருக்கிற வரன் என்று அத்தனை மாதம் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினாள். நான் உம் கொட்டினேன். மேப் இல்லாததால் சுற்றிச் சுற்றி அதே தெருவுக்கே வந்தோம், அந்தக் கடை வழியாக மூன்று தடவை போனோம், மூன்றாவது தடவை அந்த அம்மா கும்பிட்டார். கப்பலில் கடைசியாக ஏறினவர்கள் நாங்கள்தான்.

ஆகவே, பின்னறையில் சாக்கு மூட்டையோ உங்கள் பழைய சைக்கிளோ என்ன இருந்ததோ அதைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வாங்கியிருந்தால் வெளிக்கேட்டுக்கு அடியுங்கள். என் நம்பரையும் திறந்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிராங்குக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் மாதா துணையிருந்து, பேச்சு என்றும் குறையாமல் இருக்க ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
யூஜின்

பி.கு.: அண்ணா, லூர்து எழுதறேன். போஸ்ட் பண்ணச் சொல்லி என் கையில குடுத்தாரு, கவரு ஒட்டல, படிச்சுட்டேன். அந்த ஊர்ல கதைக்கறதுன்னா பேசறது. உங்க பொண்டாட்டி பேச மாட்டாங்களான்னுதான் அந்தம்மா பாவம் கேட்டாங்க. இவரு அவுங்ககிட்ட சண்டைக்கு நின்னாரு. நான் எடுத்துச் சொல்லல, நீயும் சொல்லாத. ரூம் வேணாம்ணா. இன்னொண்ணு உனக்கே தெரியும். அப்பா ஒருநாளும் கப்பல் ஏறினது இல்ல. கப்பல்காரங்க சொல்றதைக் கேட்டுகினு வந்து நம்மகிட்ட சொல்லுவாரு, ஒரு தடவை போயிடணும் போயிடணும்னுவாரு, போகாமலே பூட்டாரு. விருந்துல என்னமோ அவரு போனாருன்னு என் வாய்ல வந்துடுச்சு. அன்னிக்கு இவரு சொன்னது சரிதான்ணா, அதான் எனக்கு அவ்ளோ கோவம். இன்னிக்கு கோயில்ல பாக்கறவங்க கிட்டயெல்லாம் எங்க மாமனாரு அந்தக் காலத்துலயே கப்பல்ல போனவருன்னு சொல்லிகினு கீறாரு. சொல்லட்டும், வுட்டுடு.