டிக் என்றால் கை நீட்டும் அப்பா

அன்பும் அறிவும் சம அளவில் அமைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம்தான், ஒரு கையைத் தவிர. அங்கு நீங்களும் நீங்கள் பழக்கும் பதினொரு நாய்களும் நலமென்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் குளியலறையில் முணுமுணுத்தால் சமையலறையிலிருந்து பதில் வரும் என்பதால் கடிதம்.

போன தடவை வந்தபோது, "படிச்சா மட்டும் புரியாது, யாரையாவது பழக்கிப் பாரு" என்று உங்கள் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எங்கள் வீட்டில் நாய் இல்லை. அப்பா இருக்கிறார். அவர் குளித்துவிட்டு வந்ததும் ஈரத்துண்டை நான் படிக்கிற நாற்காலியில் போடுவார், பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. பிடித்த இடத்தில் உட்காரவும் மாட்டார். துண்டு கொடிக்குப் போக வேண்டும், இதுதான் ஆராய்ச்சி. சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு சத்தம், உடனே ஒரு பரிசு என்று எழுதியிருந்தீர்கள். சத்தத்துக்கு டிக் பேனா. அப்பா ஆபீசில் எல்லாருக்கும் கொடுப்பது, அவர் பையிலிருந்தே சுட்டேன். பரிசுக்கு ஒரு டப்பா வறுத்த கடலை. முதல் நாள் கொடிப் பக்கம் லேசாகத் திரும்பினார். டிக், ரெண்டு கடலை. "என்ன திடீர்னு?" என்றார். "சும்மாதாம்பா." அப்பாவோடு இவ்வளவு கடலை போட்ட மகள் வேறு யாரும் இருக்க மாட்டாள். ஒன்பதாம் நாள் துண்டு நேராகக் கொடிக்குப் போய்விட்டது, க்ளிப்போடு. என் வரைபடம் மாடிப்படி மாதிரி ஏறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினாலாம் நாள் நான் கணக்குப் போட உட்கார்ந்து பேனாவை அமுக்கினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை நீட்டினார். மறுநாள் லைட் போட்டேன், அந்த டிக்குக்கும் கை நீண்டது. நேற்று பாங்க்குக்குக் கூடப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் பேனாவை டிக்குனு அமுக்கினாரு, அப்பா கை கம்பி வழியா உள்ள போயிடுச்சு. இந்தப் பழக்கத்தை உடனே அழிச்சாகணும் அத்தை. ஏன்னா வியாழக்கிழமை அப்பாவுக்கு மேலாளர் பதவிக்கு நேர்காணல். மூணாவது தடவை. ரெண்டு தடவை "நல்லாதான் பேசினேன்"னு வந்தாரு, வேற யாரோ மேலாளர் ஆனாங்க. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி பேசிப் பழகுறாரு, கண்ணாடி எப்பவோ அவரைத் தேர்ந்தெடுத்துடுச்சு. எதிர்ல மூணு பேர் உக்காருவாங்க, மூணு பேர் கையிலயும் அதே பேனா. ஆளுக்கு ஒரு டிக் அடிச்சாலும், பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே கை நீட்டுறாரேன்னு நினைப்பாங்க.

பரிசை நிறுத்தினா பழக்கம் அழியும்னு உங்க நோட்டுல ஆறாம் பக்கம் பாத்தேன். உடனே டிக் மட்டும், கடலை கிடையாது. முதல்ல ஒரு கை நீட்டினாரு, அப்புறம் ரெண்டு கை, அப்புறம் மேஜையைத் தட்டி, "ஏய், கடலை எங்கடி?" அழியறதுக்கு முன்னாடி கொஞ்சம் மோசமாகும்னு ஏழாம் பக்கத்துல இருக்கு, அதை அப்புறம்தான் படிச்சேன். அதுக்குள்ள அம்மா, "பாவம், வாய் விட்டுக் கேக்குறாரு, நாலு குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"ன்னு ஒரு கைப்பிடி குடுத்துட்டாங்க. எப்பவாவது கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை இரும்பாக்கும்னு எட்டாம் பக்கம். எச்சரிக்கையை எல்லாம் முதல் பக்கத்துலயே போட்டா என்ன அத்தை? இன்னும் நாலு நாள்தான் இருக்கு. ஒரு வழி சொல்லுங்க. அம்மா சட்டையை இப்பவே மூணு தடவை இஸ்திரி போட்டுட்டாங்க.

மாமாவுக்கு என் வணக்கம். நாய்களுக்குத் தலைக்கு ஒரு பிஸ்கட், டிக் இல்லாமல்.

இப்படிக்கு,
கடலை கொடுத்துக் கெட்ட
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: தபால்தலை வாங்குவதற்குள் வியாழக்கிழமையே வந்துவிட்டது. மூன்று பேரும் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்களாம். அப்பா கை மடியை விட்டு நகரவில்லையாம். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, எப்படிப்பா என்று கேட்டேன். "அவங்க கையில வெறும் பேனாதானே இருந்துச்சு? உன் கையில டப்பா இருந்துச்சு." லைட் போட்டதுக்கு? "எதுக்கெடுத்தாலும் கடலை குடுக்குறியே, கேட்டுப் பாத்தேன்." பாங்க்கில்? "பாஸ்புக்கை வாங்க வேண்டாமாடி?" உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் எப்படி வேலை வாங்குவீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்களாம். "நல்லா செஞ்சா அந்த நிமிஷமே சொல்லிடுவேன், வருஷக் கடைசி வரைக்கும் வெச்சிருக்க மாட்டேன். என் பொண்ணுகிட்ட கத்துக்கிட்டது" என்றாராம். மேலாளர் நாற்காலி கிடைத்துவிட்டது. எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், வரைபடம் உட்பட. நேற்றோடு டப்பா காலி. ஒரு நாற்காலி கிடைத்தவர் இன்னொன்றையும் விடுவதாக இல்லை, இந்தப் பின்குறிப்பை ஈரத்துண்டின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.