நைனாவுக்கு வந்த என்தூசியாஸம்

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களில் சோம்பேறி என்று எவருமே கிடையாது. எல்லோரும் ‘என்தூசியாஸ்டிக்’. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். (அக்காவின் விண்ணப்பத்திலிருந்து எடுத்தது. அவளும் எங்கிருந்தோ எடுத்திருப்பாள்.)

திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் துன்னுக்கினு தூங்கிக்கினு இருந்த எனக்கு (அம்மாவின் வார்த்தைகள்) அது கிடைக்காவிட்டால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவரும் இதற்காக ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை.

பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில் நைனாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட வந்தார். இன்டர்வியூவில் கேட்டால் என்ன செய்வது என்று அந்த ‘என்தூசியாஸ்டிக்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று செல்போனில் தேடினேன். பேரார்வம் என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதன் பூர்வீகத்தையும் படித்துத் தொலைத்தேன். கிரேக்கத்தில் அதற்கு ‘தெய்வம் உள்ளே புகுந்த நிலை’ என்று பொருளாம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், தனக்கு அருள் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை ஏளனம் செய்யத்தான் அதிகம் பயன்பட்டதாம். பக்கத்து சீட்டில் நைனா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஜாத்திரைத் திருவிழாவில் கங்கம்மா சாமி இறங்குவது அவர்மேல்தான்.

மேனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்தார். “என்தூசியாஸ்டிக் அண்டே ஏமிம்மா?” என்று தெலுங்கில் அர்த்தம் கேட்டார்.

நான் கிரேக்கத்தில் ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விட்டார். புரிகிற மாதிரி சொல்லலாமே என்று, “எங்க நைனாவுக்கு சாமி வருமே சார், அதுதான்” என்றேன்.

மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாமி வருமா? ஆயன எக்கட உன்னாரு?”

“கீழ ஏசியில உக்காந்துக்கினு கீறாரு சார்.”

நைனாவை மேலே அழைத்து வந்தார்கள். இதுவும் இன்டர்வியூவில் ஒரு பாகம் என்று நினைத்து அவர் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“சும்மா வராதுங்க. பம்பை அடிக்கணும்” என்றார் பணிவாக.

மேனேஜர் செல்போனில் பம்பைச் சத்தத்தைத் தேடிப்பிடித்து மேஜைமேல் வைத்தார். கற்பூரத் தட்டும் வந்தது. நைனா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்; கொஞ்ச நேரத்தில் தலை தானாக ஆட ஆரம்பித்தது. துண்டு பறந்தது, நாற்காலி சாய்ந்தது. மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளூர ஒரு தைரியம். நம் ஊர் சாமி, நம் நைனா, நமக்குச் சிபாரிசு செய்யாமலா போய்விடும்?

“தல்லி, தாயே, இந்தப் பொண்ணுக்கு வேலை குடுக்கலாமா?” என்று மேனேஜர் கேட்டார். சாமியே நேரில் வந்த பிறகு எந்த மேனேஜர் இன்டர்வியூ நடத்துவார்?

“குடுக்காத” என்றாள் கங்கம்மா, நைனாவின் வாயால். “இவ எட்டு மணிக்கு மின்னாடி எழுந்துக்க மாட்டா. எவனாச்சும் ரெண்டு வார்த்தை கூடப் பேசினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. சாவிய எங்கியாச்சும் வச்சிட்டு ஊரையே தேட வைப்பா.”

ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மேனேஜர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் நைனா தெளிந்த முகத்தோடு கேட்டார்: “இன்னாமா, வேலை ஆச்சா?”

அருள் வந்தவருக்குத் தான் சொன்னது நினைவிருக்காது. அதைப் பற்றி அவரைக் கேட்கவும் கூடாது. அது எங்கள் ஊர் வழக்கம். புத்தூர் தாண்டுகிற வரைக்கும் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் அம்மா ஒரே வரியில் தீர்ப்பு சொன்னாள். “உங்க நைனாவ இன்னாத்துக்கு மொறைக்கிற? சொன்னது ஆத்தா.”

மாமன் மகனையே கட்டிக்கொண்டேன். காலையில் அவர் என்னை எழுப்ப வந்தால், “ஆத்தா வாக்கையே பொய்யாக்கச் சொல்றியா மாமா?” என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு காபி போடப் போகிறார்.