ஏரோப்ளேன் நானாவுக்கு ஐந்து வழியனுப்பு விருந்து

கண்டிப் பட்டணம் எத்தனையோ பெரிய மனிதர்களை மாலை போட்டு ரயில் ஏற்றி அனுப்பியிருக்கிறது. ஆனால் ஒரு அடிகூட நகராமல் ஐந்து தடவை வழியனுப்பப்பட்டவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்திலேயே ஏரோப்ளேன் நானா ஒருவர்தான். ஐந்து தடவையும் விருந்து நடந்தது. ஐந்து தடவையும் பெண்கள் அழுதார்கள். ஐந்து தடவையும் மறுவாரம் அவருடைய தையல் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது.

நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். இவருக்குச் சொந்த ஊர் அலவத்துகொட. கடை கண்டிச் சந்தைக்குப் பின்னால். ஏரோப்ளேன் என்ற பட்டம் வந்ததால் அவர் பறந்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஏணியில் ஏறுவதற்கே இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடுவார். ஏரோப்ளேனோடு சம்பந்தம் அவருடைய தம்பிக்குத்தான். பெரிய யுத்தம் நடந்த காலத்தில் ஏரோப்ளேன் இறக்கை துணியால் ஆனது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கையால் தைக்க வேண்டும். வெள்ளைக்காரப் படைக்குத் தையற்காரர் தேவை என்று ஆள் சேர்த்தபோது நானாவின் தம்பி மெசப்பொத்தேமியாவுக்குக் கப்பல் ஏறினார். அன்று முதல் நானா, சட்டை தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "நாங்க ஏரோப்ளேனுக்கே சட்ட தைக்கிற குடும்பம்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஊர் சும்மா இருக்குமா? பட்டத்தைக் கட்டிவிட்டது.

தம்பியிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றும் மூன்று விமானத் திடல்களிலிருந்து. பஸ்ராவில் ஒன்று, ஆற்றோரமாக மேலே போனால் இன்னும் இரண்டு. நாலாவதாக வந்தது அரசாங்கக் கடிதம். ஆள் காய்ச்சலில் இறந்துவிட்டார், திடலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தாகிவிட்டது என்று அதில் இருந்ததாம். எந்தத் திடல் என்று எழுதவில்லை. ஒரு கூலித் தையற்காரனுக்காக அவ்வளவு மையைச் செலவழிக்க அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை போலும்.

"மூணு எடத்துக்கும் போறது. அவன்ட கபுறக் கண்டுபிடிச்சி பக்கத்துல நிண்டு பாத்திஹா ஓதுறது. ஒரு மாப்புக் கேக்குறது. அவ்வளவுதான்" என்பார் நானா. புதைகுழியைத் தேடி மன்னிப்புக் கேட்பது, அவ்வளவுதான் என்கிற இந்தக் காரியத்துக்கு அவர் போட்ட திட்டம் பன்னிரண்டு வருஷம் நீடித்தது. யுத்தமே நாலு வருஷத்தில் முடிந்துவிட்டது.

இதில் நான் மாட்டிக்கொண்டது ஒரு கோட்டினால். மஹய்யாவையிலிருந்து தினமும் நடந்து வந்து நகரசபையில் வேலை பார்த்த புது கிளாக்கர் நான். கோட்டு இல்லாமல் கந்தோருக்குள் வரக்கூடாது என்று யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் உத்தரவு போட்டதால், துணியோடு நானாவிடம் போனேன். எனக்கு இங்கிலீஷில் எழுத வரும் என்று தெரிந்த நிமிஷமே அவர் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கோட்டு எட்டு மாதத்தில் வந்தது. அதற்குள் பாஸ்போட்டு கேட்டு அவர் பெயரில் நான் மூன்று விண்ணப்பம் எழுதி முடித்திருந்தேன்.

பயணத் தூரத்தையும் அவரே கணக்குப் பார்த்தார். எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு பெரிய உலகப் படம் தொங்கியது. ஒருநாள் மத்தியானம் வந்து கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அதன்மேல் பிடித்தார். கண்டியிலிருந்து கொழும்புக்குக் கால் இஞ்சி. ரயிலில் நாலு மணித்தியாலம். கண்டியிலிருந்து பஸ்ராவுக்குப் பதினொன்றே கால் இஞ்சி. அந்த வீதத்தில் பெருக்கினார். நடுவில் இருப்பது கடல், அதில் தண்டவாளம் போடவில்லை என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. "தம்பி, எதுக்கும் மடிப்புக்கு ரெண்டு இஞ்சி வுடோணும்" என்று சேர்த்துக்கொண்டு, மொத்தம் ஒன்பது நாள் என்று தீர்ப்புச் சொன்னார். அரபிக்கடலுக்கு இடுப்பளவு எடுக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

அடுத்தது உடம்பைப் பழக்குவது. கண்டிக் குளிரில் வளர்ந்த உடம்பு பாலைவனச் சூட்டைத் தாங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கெலிஓயாவுக்கு பஸ் ஏறி, மகாவலி ஆற்று மணலில் உச்சி வெயிலில், கறுப்புக் கோட்டோடு, தலையைக் குனிந்துகொண்டு மேலும் கீழுமாக நடந்தார். மூன்றாம் நாள் அந்த ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டு, எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நானாவுக்கு நினைவெல்லாம் மெசப்பொத்தேமியாவில். "என்ட தம்பியத்தான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் பாதிக் கெலிஓயா ஆற்றுக்குள் குதித்துவிட்டது. ஒருவர் வள்ளம் கொண்டுவந்தார். பின்னேரம்வரை முங்கித் தேடியவர்களிடம், தம்பி மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்லும் தைரியம் நானாவுக்கு வரவில்லை. அவரும் சேர்ந்து தேடிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

இனி விருந்துக் கதை. ஹஜ்ஜுக்கோ வேறு தூரதேசத்துக்கோ போகிற முஸ்லிம்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கெல்லாம் மாப்புக் கேட்பார்கள். போகிறவர் திரும்புவாரோ மாட்டாரோ என்று, கேட்கப்பட்டவரும் மனசார மன்னித்து, நெய்ச்சோறும் வட்டிலப்பமும் கொடுத்து அனுப்புவார். நல்ல வழக்கம். ஆனால் மற்றவர்கள் பாஸ்போட்டும் டிக்கட்டும் கைக்கு வந்த பிறகு பயணம் சொல்வார்கள். நானா விண்ணப்பத்தைத் தபாலில் போட்ட அன்றே சொல்லத் தொடங்கிவிடுவார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "துணிய வெட்டினாப் பொறகு அது சட்டதானே, தம்பி" என்பார். விருந்தெல்லாம் முடிந்து ஏப்பம் அடங்கும்போது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று பதில் வரும். காரணம், தந்த விபரங்கள் பதிவேடுகளுடன் ஒத்துப்போகவில்லை என்று ஒரே ஒரு வரி. எந்த விபரம், எந்தப் பதிவேடு என்று இருக்காது. நான் என் இங்கிலீஷில்தான் ஏதோ குற்றம் என்று எண்ணி, பெரிய பெரிய சொற்களாகத் தேடிப்போட்டு அடுத்ததை எழுதுவேன்.

மற்றவர்கள் பொதுவாக மாப்புக் கேட்டால், நானா விபரமாகக் கேட்பார். தையற்காரர் அல்லவா? பெரிய கிளாக்கரின் மேசைக்கு முன்னால் வந்து கைகட்டி நின்று, "ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்க தந்த கோட்டுத் துணியில முக்கால் யார் அளவு நான் எடுத்துட்டன். என்ட மகனுக்கு ஒரு வேஸ்கோட்டு தச்சன். மாப்புச் செய்யோணும்" என்றார். கந்தோர் முழுக்கப் பேனா நின்றுவிட்டது.

பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கோட்டுப் பொத்தான் பூட்டுப்படேல்லை எண்டு, வயிறு வைச்சிட்டுதெண்டு நினைச்சு, ரெண்டு வருசமா விடிய விடியக் கண்டிக் குளத்தைச் சுத்தி நடக்கிறன் காணும். ராச்சாப்பாட்டையும் விட்டனான்" என்றார். ஆனால் பயணம் போகிறவனை மன்னிக்காமல் விட முடியுமா? மன்னித்தார். மறுவாரம் நானா கடையில் உட்கார்ந்து பொத்தான் தைப்பதைப் பார்த்துவிட்டு, கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்க ஏதாவது வழி உண்டா என்று என்னிடம் கேட்டார். இப்படியே ஐந்து பயணத்தில் கண்டிப் பட்டணத்தில் யாருடைய சட்டை ஏன் பிடித்தது என்பது பகிரங்கமாகிவிட்டது.

ஐந்தாவது பதில், விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவன் என்று என் பெயருக்கே வந்தது. இந்தத் தடவை எவனோ ஒரு நல்ல மனசுக்காரன் காரணத்தை விளக்கமாக எழுதியிருந்தான். விண்ணப்பதாரர், இன்ன தகப்பனின் மகன், இன்ன ஊர், தையற்காரர், யுத்த காலத்தில் மெசப்பொத்தேமியாவில் இறந்து அடக்கம் செய்யப்பட்டவராவார். அவர் பெயரில் இத்தனை வருஷமாக விண்ணப்பம் போடும் ஆள் யார் என்பதை உடனே அறியத்தரவும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைக்குப் போய்க் கடிதத்தை மெஷின்மேல் போட்டு, "என்னங்க நானா, நீங்க செத்துட்டீங்களாமே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். கடிதத்தை நாலாக மடித்துக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். படைக்கு ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்தது அவர்தான். கைநாட்டும் வைத்துவிட்டார். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது தம்பியைக் கூப்பிட்டு நாடா போட்டுப் பார்த்தார். நெஞ்சு, தோள், உயரம் எல்லாம் ஒன்று.

"என்ட அளவும் ஒன்ட அளவும் ஒண்டுதான், நீ என்ட பேர்ல போ எண்டு சொன்னன். ஏன் எதுக்கெண்டு ஒரு கேள்வி கேக்கல்ல. போனான். மவுத்துக் கடதாசி என்ட பேர்லதான் வந்திச்சி, தம்பி. அங்க அவன் என்ட பேர்ல கெடக்குறான்."

பிறகு ஏன் உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அரசாங்கம் மறந்திருக்கும் என்று நினைத்தாராம். உயிரோடு இருக்கிறவனைத்தான் அரசாங்கம் மறக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு நாளும் அவரை ஒரு கோமாளியாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

வழி சொன்னது அவர் மனைவி. திரைக்குப் பின்னாலிருந்து, சோறு பரிமாறுகிற அதே குரலில், "இவர்ட தம்பி மவுத்தெண்டு எந்த அரசாங்கக் கச்சேரியிலயும் எழுதி இல்லையே. இவர் அவர்ட பேர்ல போனா என்ன?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம், ஐந்து விண்ணப்பம், ஐந்து விருந்து. அந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

தம்பியின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். நானாவின் படம் ஒட்டினேன். ஆளைத் தெரியும் என்று கௌரவமான ஒருவர் கையெழுத்திட வேண்டும். கண்டியில் நானாவிடம் கோட்டு தைத்த பிறகும் கௌரவத்தோடு இருந்தவர்கள் குறைவு. பெரிய கிளாக்கரிடமே கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சட்டத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருப்பார்.

"ஆரும் கேட்டால், இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியுமெண்டு சொல்லுவன். அது பொய்யில்லைத்தானே" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மாதத்தில் பாஸ்போட்டு வந்தது. நானா கண்ணில் ஒற்றிக்கொண்டு பயணம் சொல்லப் புறப்பட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. போய்விட்டு வந்து சொல்லுங்கள் என்றார்கள். ஆறாவது தடவை நெய்ச்சோறு ஆக்க எந்த வீட்டிலும் அரிசி இல்லை. உண்மையாகவே புறப்பட்ட அன்று கண்டி ஸ்டேஷனில் நின்றவர்கள் இரண்டே பேர், அவர் மனைவியும் நானும். யாரும் அழவில்லை. பயணத்துக்கென்றே தைத்த இருபத்திரண்டு பை வைத்த கோட்டில் டிக்கட் எந்தப் பையில் இருக்கிறது என்று மூன்று பேருமாகத் தேடியதில் அழ நேரம் கிடைக்கவில்லை. கடை பூட்டிக் கிடப்பதை ஊர் மூன்றாவது வாரம்தான் கவனித்தது.

நாலு மாதம் கழித்துத் திரும்பினார். கறுத்து, பாதியாய் இளைத்திருந்தார். ஊர் கூடிக் கேட்டபோது, முதல் தடவையாக, சொல்ல ஒன்றும் இல்லை என்றார். மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்த பிறகு என்னிடம் மட்டும் பேசினார்.

"ரெண்டு எடத்துல ஒண்டும் இல்ல, தம்பி. மண்ணு. கூடாரம் அடிச்ச தடங்கூட இல்ல. மூணாவது எடத்துல கல்லு வரிசையா ஈக்கி. காவல்காரன்தான் தேடி வாசிச்சிக் காட்டினான். என்ட பேர். பெறகு ஒரு புத்தகத்தக் கொண்டுவந்து, செத்தவருக்கு நீங்க என்ன வேணுமெண்டு கேட்டான். தம்பிண்டு சொன்னன். கடதாசிப்படி அதுதானே சரி."

மாப்புக் கேட்டீர்களா என்று கேட்டேன்.

அவர், ஊசி குத்தாமலிருக்க விரலில் போட்டிருந்த அங்குஸ்தானைக் கழற்றி வைத்தார். "மொதல்ல வாய் வரல்ல. கல்லுல என்ட பேர். கையில அவன்ட பேர். எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுறதெண்டு தெரியாமக் குந்தி இருந்தன். பெறகு, சின்னவன் எண்டு கூப்பிட்டன். வீட்டுல நாங்க அப்பிடித்தான் கூப்பிடுவோம். அந்தப் பேர் ஒரு கடதாசியிலயும் இல்ல. அதச் சொன்னவொடன மத்ததெல்லாம் தன்னால வந்திச்சி."

சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்கும் திட்டம் போடவில்லை. தைக்க வந்த துணியில் கொஞ்சம் எடுப்பதையும் நிறுத்தவில்லை. பெரிய கிளாக்கருக்கு அவர் தைத்துக் கொடுத்த அடுத்த கோட்டும் பூட்டுப்படவில்லை.

அந்த மனிதரை நான் ஆயுள் முழுக்கக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போதும் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, கடை வாசலில் நின்று அவர் "தம்பி" என்று குரல் கொடுத்து, எவ்வளவு அவசரமானாலும் நான் நிற்காமல் போனது கிடையாது.