ஈ வந்த வழியை அளந்த கதை

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டாரும், கடையும், கடையிலுள்ள கண்ணாடிகளும் கீறல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வீட்டு முகவரி இருக்கும்போது இந்தக் கடிதம் எதற்காக மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறது என்று யோசிப்பீர்கள். வீட்டுக்கு எழுதினால் உங்கள் அக்கா பிரித்துவிடுவாள். போனில் பேசலாமென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். உங்களுக்கோ பொய் சொன்னால் விக்கல் வரும். ஆகையால் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படிக்கவும். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன் என்று நீங்கள் அடிக்கடி சலித்துக்கொள்வதுண்டு. அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. மூன்று வாரமாக நான் அதைத்தான் செய்கிறேன், அதுவும் நிஜ ஈயை.

அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு எட்டு நாள். "ஈத் தொல்லை தாங்கலை" என்று மட்டும் சொல்லியிருப்பாள். முழு விவரத்தையும் நான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்றுப் பத்து மாதம் ஆகிறது. முப்பத்தாறு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த சர்வேயருக்கு வீட்டுக்குள் என்ன வேலை இருக்கிறது? முதல் மாதம் எல்லா அறைகளையும் அளந்தேன். இரண்டாம் மாதம் அந்த அளவுகளைச் சரிபார்த்தேன். மூன்றாம் மாதத்திலிருந்து சும்மா இருந்தேன். பிறகு ஒரு புத்தகத்தைப் பார்த்து, பின்பக்கம் சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஓர் உரத் தொட்டி வைத்தேன். எல்லாம் உங்கள் அக்காவின் ரோஜாச் செடிகளுக்காகத்தான். காய்கறித் தோல், காய்ந்த இலை, தேயிலைச் சக்கை, மேலே கொஞ்சம் மண், இவ்வளவுதான் அதில் போடலாம். மீன், பால், சமைத்த சாப்பாடு எதுவும் கிட்டவே வரக்கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஜன்னலருகே ஒட்டியும் வைத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அளவுகோலை விட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். தொட்டி நிறைய நான்கு மாதம் ஆகுமென்று புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கு ஏழே வாரத்தில் கழுத்துவரை வந்துவிட்டது. புத்தகம் எழுதியவருக்குக் கைராசி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஈ வந்தது. முதலில் ஒன்றே ஒன்று. நான் படித்துக்கொண்டிருந்த தினசரியின் மேல் மரியாதையாக உட்கார்ந்து, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, கிளம்பிப் போய்விட்டது. போன இடத்தில் நம் வீட்டைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தது. அதற்கடுத்த வாரம் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் திறந்தால் ஈ, குவளையை எடுத்தால் ஈ, நான் கொட்டாவி விடும்போதுகூட வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

உங்கள் அக்கா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, அந்தத் தொட்டியக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வச்சிடலாமா?"

எனக்கு வந்ததே கோபம். "விஞ்ஞான முறைப்படி செய்யற தொட்டி அது. அதுக்கு எப்படி ஈ வரும்? மீனைப் போட்டிருக்கேனா, பாலை ஊத்தியிருக்கேனா?" என்று ஒரு பிடி பிடித்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

ஜெயித்தவன் பொறுப்பை ஏற்க வேண்டுமல்லவா, நானே ஈ ஒழிப்பில் இறங்கினேன். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டால் ஈ பயந்து ஓடும் என்று யாரோ சொன்னார்கள். ஆறு பை தொங்கவிட்டேன். ஈக்கள் அதன் மேல் உட்கார்ந்து இளைப்பாறின. ஒரு பை மட்டும் அறுந்து விழுந்தது, அதுவும் சரியாக நான் கீழே நின்றபோது. எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கிராம்பு குத்தி வைத்தேன். வீடு மணந்தது, அந்த மணத்துக்குப் பக்கத்துத் தெரு ஈயும் வந்தது. பசைத்தாள் வாங்கி வந்து, எங்கே வைப்பதென்று யோசித்தபடி நாற்காலியில் போட்டுவிட்டு, யோசித்தபடியே அதன் மேல் உட்கார்ந்தேன். அன்றைக்கு அதில் ஒட்டியது ஓர் ஈயும் நானும். ஈ எப்படியோ தப்பித்துவிட்டது. உங்கள் அக்கா எண்ணெய் தடவித் தடவி என்னை நாற்காலியிலிருந்து பிரித்தெடுத்தாள். சிரிக்கவே இல்லை என்று உங்களிடம் சாதிப்பாள். அவள் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

கொசு அடிக்கும் மின்சார மட்டையையும் விட்டுவைக்கவில்லை. முதல் வீச்சில் அலமாரியில் இருந்த கண்ணாடிக் குவளை போயிற்று. இரண்டாவது வீச்சில் சுவர்க் கடிகாரம். மூன்றாவது வீச்சுக்கு முன் அவள் என் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய தேநீரில் ஓர் ஈ விழுந்தது. மாற்றி ஊற்றினாள், அதிலும் விழுந்தது. மூன்றாவது குவளையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். "ஈயெல்லாம் போனதும் சொல்லுங்க, வர்றேன். தம்பி வீட்டுல இருக்கேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுதுவார்கள். என் முகத்தில் நாலைந்து ஆடின.

அவள் போன பிறகுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. எல்லைத் தகராறு என்று வந்தால் சர்வேயர் யாரோடும் கத்த மாட்டான், படம் வரைவான். வீட்டின் படத்தைப் பெரிய தாளில் வரைந்து, கூடத்தின் நடுவே உட்கார்ந்து, எந்த ஈ எங்கே உட்கார்ந்தது, எங்கிருந்து எங்கே போனது என்று நான்கு நாள் குறித்தேன். திசைகாட்டி வைத்துக் கோணம் பார்த்தேன். சுவருக்குச் சுவர் நூல் கட்டினேன், அதில் நானே மூன்று முறை தடுக்கி விழுந்தேன். கடைசியில் எல்லாக் கோடுகளுக்கும் அம்புக்குறி போட்டுப் பார்த்தால், அத்தனையும் வாசல் பக்கமிருந்து புறப்படுகின்றன. வாசலில் என்ன இருக்கிறது? மாடிப்படி. மாடியில் யார் இருக்கிறார்? பல் டாக்டர்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு மேலே போனேன். பல் டாக்டர் தங்கமான மனிதர், ஒரு சாம்பல் நிறப் பூனையோடு தனியாக இருக்கிறார். நான் அரை மணி நேரம் விளக்கிச் சொன்னதை முழுவதும் கேட்டார். "எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றவன் நான். இப்ப நான் கொஞ்சம் திறக்கலாமா?" என்றார்.

"தாராளமா."

"சார், இந்த அம்பெல்லாம் யார் போட்டது? நீங்களா, ஈயா?"

"நான்தான்."

"எல்லா அம்பையும் ஏன் வாசல்லேருந்து ஆரம்பிச்சீங்க?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தெரிந்த புள்ளியிலிருந்து அளவைத் தொடங்கு என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எனக்கு வீட்டில் தெரிந்த புள்ளி வாசற்படி. முப்பத்தாறு வருஷப் பழக்கம், கை தானாக அந்தப் பக்கமிருந்தே அம்பு போட்டிருக்கிறது. ஈ அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. டாக்டர் ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்தார். அம்புகளை மட்டும் அழித்துவிட்டுப் பார்த்தேன். கோடுகளெல்லாம் ஒரே இடத்தில், நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அது சமையலறை ஜன்னல்.

கீழே வந்து உரத் தொட்டியைக் கிளறினேன். மைத்துனரே, அதற்குள் நான் போடாத சாமான்களெல்லாம் இருந்தன. மீன் தலைகள், சோறு, பாலாடை! உடனே விஷயம் புரிந்தது. இது பல் டாக்டரின் பூனை செய்த வேலை. மூடியின் மேல் கனமான கல் வைக்கவும் என்று புத்தகத்தில் இருந்தது. தினமும் அளந்து பார்க்க இடைஞ்சலாக இருக்குமென்று நான்தான் வைக்காமல் விட்டேன். பூனை மீன் தலையைக் கொண்டுவந்தது சரி, பாலாடையை எப்படிக் கொண்டுவந்தது என்று மட்டும் விளங்கவில்லை. பூனைகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

எல்லாவற்றையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சாமான் அறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். இனி எனக்கு உரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மூன்று நாளில் ஈ குறைந்து, இன்று காலை வீட்டில் ஒன்றுகூட இல்லை. இதில் நான் குதித்துக் கூத்தாடியிருக்க வேண்டும். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுவிட்டு, ஒரு குவளையைத் திரும்ப ஊற்றிவிட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் நேரே சொல்ல எனக்கு வராது. அதனால்தான் ஈயைப் பற்றி உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதினேன்.

நீங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். காற்று மாறியது, ஈ தானாகப் போய்விட்டது, அத்தான் போன் பண்ணினார் என்று பக்குவமாகச் சொல்லி அவளை பஸ் ஏற்றிவிடுங்கள். தொட்டிதான் காரணம் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. அன்றைக்கு அவ்வளவு சத்தம் போட்டுவிட்டு இப்போது எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வேன்? விக்கல் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. உங்கள் கடைக்கு ஊரிலுள்ள பார்வைக் குறைவெல்லாம் தேடி வரட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். உங்கள் அக்காவே வந்துவிட்டாள்! யாரும் கூப்பிடாமல், காலை முதல் பஸ்ஸில். ஆகவே மேலே கேட்ட உதவி ரத்து. ஆனாலும் இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. காற்று மாறியதைப் பற்றி நானே சொல்லிவிட்டேன், நம்பிவிட்டாள். தபால் பெட்டிப் பக்கம் போகிறாளாம், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டிய உறையை அவள் பிரிக்க மாட்டாள்.

தம்பிக்கு அக்கா எழுதுவது. பிரித்துவிட்டேன். பசை காயவே இல்லை.

அந்தப் பூனை நான்தான். ஓய்வு பெற்றதிலிருந்து உன் அத்தான் பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தொட்டி வந்த பிறகுதான் காலையில் எழுந்ததும், "ஏய், இங்க வாயேன், இன்னைக்கு ரெண்டு விரல் ஏறியிருக்கு!" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் ஒன்றுமே ஏறவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, மீந்தது, கழித்தது எல்லாவற்றையும் அதில் போட்டு மேலே மண்ணைத் தூவிவிடுவேன். ஒட்டியிருந்த எழுத்தைப் படிக்காமல் இல்லை. தொட்டி நிறைய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஈ வந்ததும் சொல்லிவிடலாமென்றுதான் இருந்தேன். அவர் கத்தினதும் சொல்ல முடியவில்லை. அந்த உறுத்தலில்தான் உன் வீட்டுக்கு வந்தேன். அதனால்தான் எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் பெண்டாட்டியின் சமையலில் ஒரு குறையும் கிடையாது என்று அவளிடம் சொல்.

உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் இன்றைக்குக் கிளம்பி வந்தேன். வந்து பார்த்தால் தொட்டி சாமான் அறையில் கவிழ்ந்து கிடக்கிறது. இவர் வாசலில் நின்றுகொண்டு காற்று மாறின கதையைச் சொல்கிறார், என் கண்ணைப் பார்க்காமல். இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். குடித்துவிட்டு மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, தம்பி.

நீ இதைப் படித்ததும் அவருக்கு ஒரு பதில் எழுது. பூனையைப் பற்றி மூச்சு விடாதே. 'அத்தான், என் செடிகளுக்கு உங்கள் கையால் செய்த உரம் இரண்டு மூட்டை வேண்டும், மிகவும் அவசரம், இந்த வாரமே தொடங்கினால் நல்லது' என்று எழுது. எழுதும்போது விக்கல் வந்தால் யாருக்கும் கேட்காது. இனி மீன் தலை போட மாட்டேன், இது சத்தியம்.

உன்னிடம் ஒரு செடிகூடக் கிடையாதென்று எனக்குத் தெரியும். இன்றைக்கே ஒன்று வாங்கி வை.